துணையை இழந்தவருக்கு அரசு தரும் ஓய்வூதியம்: மாற வேண்டிய விதிகள்

கணவனையோ மனைவியையோ இழந்தவருக்கு இந்தியாவில் அரசு மாதந்தோறும் தரும் பணம் மூன்று தனித்தனித் திட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. இறந்தவர் அரசு ஊழியராக இருந்தால் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பி.எஃப். பிடித்தம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ், அதாவது இ.பி.எஸ். வழியாக, ஒரு தொகை வரும். விவசாயக் கூலி, கொத்தனார், தள்ளுவண்டிக்காரர், மீனவர் என்று இரண்டிலும் சேராத ஒருவர் இறந்துபோனால், அவருடைய மனைவி தம் ஏழ்மையை நிரூபித்துக் கைம்பெண் உதவித்தொகை பெறலாம். அதே நிலையில் இருக்கும் கணவனுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் எதுவும் இல்லை.

மூன்றுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. மத்திய அரசு ஊழியரின் குடும்பத்துக்குக் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 2016 முதல் 9,000 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு இரண்டு முறை உயரும் அகவிலைப்படி. இ.பி.எஸ். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது, அகவிலைப்படி கிடையாது. ஏழைக் கைம்பெண்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய். வீட்டுக்கு வீடு சாவு வேறல்ல. அதன்பின் அடுப்பெரிவது மட்டும் இறந்தவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. இந்தத் துறையில் பேசப்படும் சீர்திருத்தங்கள் பலவும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த ஓர் அநீதியில்தான்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்த ஆண்கள் 1 கோடிக்கும் சற்று மேல். பெண்கள் தங்களைவிட வயதில் மூத்தவர்களை மணப்பதும், ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதும், ஆண்கள் அளவுக்கு மறுமணம் செய்துகொள்ளாததும் இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணங்கள். எனவே இது பெருமளவு பெண்களின் பிரச்சினை. ஆனால் பெண்களின் பிரச்சினை மட்டுமே என்று விதிகளை எழுதியதால் வேறு சில தவறுகளும் நேர்ந்திருக்கின்றன.

அரசு ஊழியர் குடும்பம்

மூன்றில் மிகவும் செப்பனிடப்பட்டது அரசு ஊழியர்களுக்கான குடும்ப ஓய்வூதியம். இன்றைய வடிவிலான மத்திய அரசுத் திட்டம் 1964 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில், ஊழியரின் பணிக்கொடையிலிருந்து இரண்டு மாத ஊதியத்துக்குச் சமமான தொகை இதற்காகப் பிடிக்கப்பட்டது. 1977இல் அந்தப் பிடித்தம் நின்றது. 1964க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் மனைவியர் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். பூனமாள் என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, உழைத்துச் சேர்த்த உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. குடும்ப ஓய்வூதியத்தின் வரலாறு முழுக்க அந்தத் தீர்ப்பின் நிழல் உண்டு.

பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால், கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காடு 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பிறகு 30 விழுக்காடாகக் குறையும். ஓய்வுபெற்ற பின் இறந்தால் உயர்ந்த விகிதம் 7 ஆண்டுகளுக்கு, அல்லது இறந்தவர் உயிரோடு இருந்தால் 67 வயதை எட்டும் நாள்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. முன்பு 7 ஆண்டு தொடர்பணி முடிக்காமல் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு உயர்ந்த விகிதம் மறுக்கப்பட்டது. இளம் வயதில் இறந்தவரின் மனைவி, கைக்குழந்தையோடு நிற்பவர், மிகக் குறைவாகப் பெற்றார். தேவை மிகுந்த வீட்டுக்குக் குறைவாகக் கொடுத்த இந்த விதி 2019இல்தான் நீக்கப்பட்டது.

மற்ற மாற்றங்களும் இப்படி ஒவ்வொன்றாக வந்தவையே. ஓய்வுபெற்ற பின் திருமணம் செய்துகொண்டவரின் துணைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 1989இல் பகவந்தி வழக்கில் தீர்ப்பானது. 25 வயதைத் தாண்டிய மகள் கணவனை இழந்தவராகவோ விவாகரத்தானவராகவோ இருந்தால் அவருக்கும் தகுதி உண்டு என்று 2004இல் ஆணை வந்தது. 2024 ஜனவரியில் மத்திய அரசு ஒரு முக்கியமான கதவைத் திறந்தது: கணவர் மீது விவாகரத்து வழக்கோ, குடும்ப வன்முறை அல்லது வரதட்சிணைக் கொடுமை வழக்கோ நடத்திக்கொண்டிருக்கும் பெண் ஊழியர், தமக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கணவருக்குப் போகாமல் பிள்ளைகளுக்கு முதலில் போகும்படி எழுதிக்கொடுக்கலாம். அடித்துத் துரத்தியவரே அவள் இறந்தபின் மாதந்தோறும் பணம் வாங்கும் நிலை அதுவரை சட்டப்படியே சரியாக இருந்தது.

2004 ஜனவரி 1க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதாவது என்.பி.எஸ்.ஸுக்கு, மாற்றப்பட்டபோது இந்த அடித்தளமே ஆட்டம் கண்டது. பணியில் இறந்தோரின் குடும்பத்துக்குப் பழைய விதிப்படி குடும்ப ஓய்வூதியம் பெறும் வாய்ப்பு பின்னர் தரப்பட்டாலும், ஓய்வுக்குப் பின் இறப்போரின் துணைக்கு வருவது, சேர்ந்த பணத்தில் வாங்கிய ஆண்டுத்தொகையைப் பொறுத்ததாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் இறந்தபோது நிலைமை இன்னும் கடினமாக இருந்தது: பிடித்த பணமும் அரசின் பங்கும் வட்டியோடு மொத்தமாக வந்தன, மாதாந்திரக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. அரசு ஊழியர் சங்கங்களின் நீண்ட போராட்டங்களில் இந்தக் குறை முன்னால் நின்றது. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வூதியரின் மறைவுக்குப் பின் அவர் பெற்ற தொகையில் 60 விழுக்காடு துணைக்கு உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கைவிட்டதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

பி.எஃப். கணக்கு உள்ளவர் குடும்பம்

தனியார் நிறுவனத் தொழிலாளிகளுக்கு 1971இல் ஒரு குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதன் இடத்தில் 1995 நவம்பர் 16 அன்று இ.பி.எஸ். நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் ஊதியத்தில் 8.33 விழுக்காடு, முதலாளி கட்டும் பி.எஃப். பங்கிலிருந்து இதற்குப் பிரிக்கப்படுகிறது. கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தின் உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய்.

இத்திட்டத்தின் அமைப்பு நல்லது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும், பணியில் இருக்கும்போது இறந்த தொழிலாளியின் துணைக்கு ஓய்வூதியம் உண்டு. மனைவி, கணவன் என்ற பாகுபாடு இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் 25 வயது வரை, துணையின் ஓய்வூதியத்தில் 25 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 75 விழுக்காடு. திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்திலோ ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் பலருக்கும், இப்படி ஒரு பாதுகாப்புத் தங்கள் பி.எஃப். கணக்குக்குள் இருப்பதே தெரிவதில்லை.

குறை தொகையில் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கான ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதே சூத்திரம். உச்சவரம்பான 15,000 ரூபாய் ஊதியத்தில் 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 58 வயதில் வருவது மாதம் 2,142 ரூபாய். அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி, 1,071 ரூபாய். விலைவாசியோடு உயரும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், கைம்பெண்ணாக இருபது ஆண்டு வாழும் ஒருவர் முதல் மாதம் வாங்கிய அதே தொகையைத்தான் கடைசி மாதமும் வாங்குவார். குறைந்தபட்சத்தை 7,500 ரூபாய் ஆக்கி அகவிலைப்படியும் தர வேண்டும் என்று இ.பி.எஸ். ஓய்வூதியர் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன. இந்த நிதி பெரும்பாலும் சந்தாவிலிருந்து திரட்டப்படுவது. 1,000 ரூபாய்க் குறைந்தபட்சத்தைத் தருவதற்கே அரசு பட்ஜெட்டிலிருந்து ஈடுகட்டுகிறது. ஆகவே 7,500 என்பது சந்தா உயர்வோ வரிப்பணமோ இல்லாமல் நடக்காது. ஆனால் விலைக் குறியீட்டோடு தொகையை இணைப்பதைத் துணையின் ஓய்வூதியத்திலிருந்தாவது தொடங்க முடியும். பெறுவோர் பெரும்பாலும் வயதானவர்கள். மீண்டும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைந்தவர்கள்.

மற்ற எல்லோரும்

மூன்றாவது பிரிவுதான் மிகப் பெரியது, மிக மெலிந்தது. தமிழ்நாடு இதில் முன்னோடி: 1962இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம், 1975 ஜூன் 1 அன்று ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கும் தனித் திட்டங்கள் வந்தன. மத்திய அரசு 1995இல் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கினாலும், கைம்பெண்களுக்கென்று இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத் திட்டம் 2009இல்தான் வந்தது. முதலில் 200 ரூபாய். 2012இல் 300 ரூபாய். அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

2012ஐ 100 என்று கொண்டு கணக்கிடப்பட்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2024இல் 190ஐத் தாண்டியது. அதாவது அன்றைய 300 ரூபாயின் வாங்கும் சக்தி ஏறத்தாழ 155 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அரிசியும் எண்ணெயும் மருந்தும் வாங்கும் ஒரு மூதாட்டியின் தொகையை அரசு அறிவிப்பு எதுவும் இல்லாமலே பாதியாக வெட்டியதற்கு இது சமம். நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தும்படி அறிக்கைக்கு அறிக்கை வலியுறுத்தியும் அது அசையவில்லை.

மாநிலங்கள் தம் பணத்தைப் போட்டு இடைவெளியை நிரப்புகின்றன. தமிழ்நாட்டில் 2011 முதல் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய். பீகாரில் 2025 ஜூலையில் 400 ரூபாயிலிருந்து 1,100 ரூபாய்க்கு உயர்ந்தது. சித்தூரில் இருக்கும் கைம்பெண்ணுக்கும் வேலூரில் இருக்கும் கைம்பெண்ணுக்கும் இடையில் உள்ள சில பத்துக் கிலோமீட்டர் தூரம் மாதம் 2,800 ரூபாய் வித்தியாசமாகிறது. மாநிலங்களின் விருப்பத்துக்கும் தேர்தல் காலத்துக்கும் விடப்பட்ட உதவி இப்படித்தான் இருக்கும். மாநிலம் கூடுதலாகத் தரட்டும். ஆனால் அதற்குக் கீழே நாடு முழுவதற்கும் ஒரு தரை வேண்டும், அந்தத் தரை ஆண்டுதோறும் விலைவாசியோடு உயர வேண்டும். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி கணக்கிடத் தெரிந்த அரசுக்கு இது தெரியாத கணக்கு அல்ல.

மத்தியத் திட்டத்தின் வயது வரம்பும் விளங்காத ஒன்று. 40 முதல் 79 வயது வரையுள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்கும் கைம்பெண்களுக்கே இந்தத் தொகை. 80 வயதானால் 500 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாற்றப்படுவார்கள். 28 வயதில் இரண்டு பிள்ளைகளோடு கணவனை இழந்தவர் 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இளம்பெண் வேலைக்குப் போவாள், அல்லது மறுமணம் செய்துகொள்வாள் என்ற எண்ணம் இந்த எல்லைக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் சின்னஞ்சிறு வயதில் இருக்கும் ஆண்டுகளில்தான் அவள் வேலைக்குப் போவது மிகக் கடினம், பள்ளிப் படிப்பு அறுந்துபோகும் ஆபத்தும் அப்போதுதான் மிகுதி. தமிழ்நாட்டின் திட்டம் 18 வயது நிறைந்தவர்களையே ஏற்றுக்கொள்கிறது. மத்தியத் திட்டமும் அதைப் பின்பற்றுவதில் தடை எதுவும் இல்லை, செலவைத் தவிர.

முதல் சில மாதங்கள்

தொகையைப் போலவே முக்கியமானது, பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது. மரணத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களில்தான் வீடு கடனில் விழுகிறது. ஈமச்சடங்குச் செலவு, ஆஸ்பத்திரிக் கடன், வாடகை எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. இதற்கென்றே தேசியக் குடும்ப நலத் திட்டம் இருக்கிறது: ஏழைக் குடும்பத்தின் முதன்மை உழைப்பாளி 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் ஒரே முறை 20,000 ரூபாய். வீட்டைப் பராமரிக்கும் இல்லத்தரசியையும் அத்திட்டத்தின் நெறிமுறைகள் உழைப்பாளியாகவே கணக்கில் கொள்கின்றன என்பது பாராட்டத் தக்கது. ஆனால் பலருக்கு இது காலத்தில் கிடைப்பதில்லை.

ஒரு கைம்பெண் நடக்க வேண்டிய தூரம் இது: இறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம். உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். ஆதார் அட்டையில் ஒரு எழுத்தும் குடும்ப அட்டையில் வேறு எழுத்தும் இருந்தால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர், துக்கத்தில் வீட்டைவிட்டு வெளியே வரக் கூசுகிறவர், இடைத்தரகரிடம் சிக்குவது இங்கேதான்.

இதில் அரசிடமே விடை இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியரின் ஓய்வூதிய ஆணையிலேயே துணையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இருவருக்கும் கூட்டு வங்கிக் கணக்கு இருந்தால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிடும். ஆந்திர அரசு, முதியோர் ஓய்வூதியம் பெற்றுவந்த கணவர் இறந்தால் அடுத்த மாதத்திலிருந்தே மனைவிக்குக் கைம்பெண் ஓய்வூதியம் தரும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தால் இறப்புப் பதிவுகள் நாடு தழுவிய தரவுத்தளத்தில் சேர்கின்றன. இறந்தவரின் பெயரை ரேஷன் அட்டையிலிருந்து நீக்க இந்தப் பதிவைப் பயன்படுத்தும் நிர்வாகம், அதே பதிவைக் கொண்டு அவருடைய மனைவியின் பெயரை உதவித்தொகைப் பட்டியலில் சேர்க்கவும் கடமைப்பட்டது. விண்ணப்பத்துக்காகக் காத்திராமல் வி.ஏ.ஓ. வீடு தேடிப் போய்ப் படிவத்தை நிரப்புவது, கிராம நிர்வாகத்தில் இன்றே செய்யக்கூடிய வேலை.

உடல் கிடைக்காத மரணங்களில் இந்தத் துன்பம் பல மடங்காகிறது. காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் அனுமானிக்க ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், காவல் நிலையத்தில் புகார் பதிந்த ஆறு மாதத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் தரலாம் என்று விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவரின் மனைவிக்கு அந்தத் தளர்வு இயல்பாகக் கிடைக்காது. 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் காணாமல் போனபோது ஏழு ஆண்டு நிபந்தனையைத் தளர்த்தத் தனி ஆணைகள் தேவைப்பட்டன. பெரும் பேரிடரில் செய்தித்தாள்களின் கவனம் இருக்கும், ஆணை வரும். ஒற்றைப் படகு கவிழும் சாதாரண நாளில் அது வருவதில்லை. ஆறு மாத விதியை எல்லா உதவித்தொகைகளுக்கும் பொதுவாக்குவது செலவே இல்லாத சீர்திருத்தம்.

மறுமணமும் ஓய்வூதியமும்

இ.பி.எஸ்.ஸிலும் சமூக உதவித் திட்டங்களிலும் மறுமணம் செய்துகொண்டால் கைம்பெண்ணின் தொகை நின்றுவிடும். புதிய கணவர் காப்பாற்றுவார் என்பதே இதன் அடிப்படை. இந்த எண்ணத்துக்கு இந்தியச் சட்டத்தில் நீண்ட வேர் உண்டு. இந்து விதவைகளின் மறுமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய 1856ஆம் ஆண்டுச் சட்டமே, தன் இரண்டாம் பிரிவில், மறுமணம் செய்பவள் முதல் கணவனின் சொத்தில் இருந்த உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு முழு உரிமை தந்தாலும், மகனின் விதவை போன்ற சிலருக்கு மறுமணத் தடையை 24ஆம் பிரிவில் வைத்திருந்தது. 2005 திருத்தம் அதையும் நீக்கியது. சொத்துச் சட்டம் கைவிட்ட நிபந்தனையை ஓய்வூதிய விதிகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த முரண் பளிச்சென்று தெரிகிறது. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுக் கைம்பெண் மறுமணத் திட்டத்தின் கீழ் மறுமணம் செய்பவருக்கு அரசு நிதியுதவியும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. அதே திருமணத்தின் பெயரால் மற்றொரு துறை அவருடைய மாத உதவித்தொகையை நிறுத்துகிறது. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்வதும், திருமணத்தை மறைப்பதும், யாரோ ஒருவர் புகார் கொடுப்பாரோ என்று அஞ்சிக்கொண்டே வாழ்வதும் இதனால் விளைபவை.

வேறு வழிகள் நடைமுறையில் இருக்கவே செய்கின்றன. மத்திய அரசு ஊழியரின் குழந்தை இல்லாத மனைவி, தம் மற்ற வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தைத் தாண்டாதவரை, மறுமணத்துக்குப் பிறகும் ஓய்வூதியம் பெறலாம். படைவீரர்களுக்கான சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தில், மறுமணத்துக்குப் பின்னும் பிள்ளைகளைத் தம் பொறுப்பில் வளர்க்கும் மனைவிக்குத் தொகை தொடர்கிறது. வீரதீர விருது பெற்ற வீரரின் மனைவி, கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே விருதுக்கான படியைத் தொடர்ந்து பெற முடியும் என்று ஒரு விதி இருந்தது. ஒரு பெண் யாரை மணக்க வேண்டும் என்று அரசே சொல்லிய அந்த விதி 2017 நவம்பரில்தான் நீக்கப்பட்டது. தேவை இருக்கிறதா என்பதை வருமானத்தை வைத்துப் பார்க்கலாம். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை.

மனைவியை இழந்த ஆண்

ஏழை வீட்டில் மனைவி இறந்தால் வருமானமும் போகிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கையும் போகிறது. கைக்குழந்தை இருந்தால் கணவன் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் கூலி இல்லை. ஆனால் கைம்பெண் உதவித்தொகை பெயரிலேயே பெண்ணுக்கு உரியது. ஆண் 60 வயதாகி முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி பெறும்வரை காத்திருக்க வேண்டும். இல்லத்தரசியின் இறப்புக்கு 20,000 ரூபாய் தரும் அரசு, அவளுடைய உழைப்பின் மதிப்பை ஒரு முறை ஒப்புக்கொண்டு மாதாந்திரக் கணக்கில் மறந்துவிடுகிறது. ஹரியானா 2023இல், 40 வயதைக் கடந்த, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள, மனைவியை இழந்த ஆண்களுக்கு மாதம் 2,750 ரூபாய் ஓய்வூதியம் அறிவித்தது. ஆனால் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் முப்பது வயதுத் தந்தை அதிலும் வரமாட்டார்.

அமெரிக்காவில் இதே கேள்வி 1975இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்கே 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 1939இல் சேர்க்கப்பட்ட விதிகள், குழந்தையோடு நிற்கும் தாய்க்கு மாதத்தொகை தந்தன, தந்தைக்குத் தரவில்லை. 1972இல் பிரசவத்தில் மனைவியை இழந்த ஸ்டீபன் வீசன்ஃபெல்ட், கைக்குழந்தையைத் தாமே வளர்க்க விரும்பினார். மனைவி ஆசிரியையாக வேலை பார்த்துச் சந்தா கட்டியிருந்தார். அவருக்காக வாதாடியவர் பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். இந்த வேறுபாடு, உழைத்துச் சந்தா கட்டிய பெண்ணின் குடும்பத்துக்கு, அதேபோல் கட்டிய ஆணின் குடும்பத்தைவிடக் குறைவான பாதுகாப்பைத் தருகிறது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இ.பி.எஸ். ஏற்கெனவே இந்தக் கொள்கையில்தான் நடக்கிறது. சமூக உதவித் திட்டத்திலும், குறைந்தது 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தந்தையருக்கு, அதை விரிவாக்கலாம். கைம்பெண்களுக்கான ஒதுக்கீட்டிலிருந்து எடுக்காமல் புதிய பணத்தில் செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பணம் எங்கிருந்து

மத்தியக் கைம்பெண் ஓய்வூதியத்தைப் பெறுவோர் சுமார் 65 லட்சம் பேர். மாதம் 300 ரூபாய் வீதம் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2,340 கோடி ரூபாய். அதை 1,000 ரூபாய் ஆக்கினால் 7,800 கோடி ரூபாய் ஆகும். முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி அனைவருக்கும் சேர்த்துத் தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டது 9,652 கோடி ரூபாய். உயர்வு சிறியதல்ல, ஆனால் மத்திய பட்ஜெட்டின் மொத்த அளவு 50 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டுவிட்ட நிலையில் தாங்க முடியாததும் அல்ல. பயனாளிகளின் எண்ணிக்கைக்கு மாநிலவாரியாக விதிக்கப்பட்டிருக்கும் உச்சவரம்பையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். பட்டியலில் ஒருவர் இறந்தால்தான் மற்றொருவருக்கு இடம் என்ற நிலையில் தொகையை மட்டும் உயர்த்துவது, வெளியே நிற்பவருக்கு ஒன்றும் செய்யாது.

வரிப்பணத்தை மட்டும் நம்பாத வழியும் உண்டு: அமைப்புசாராத் தொழிலாளிகளைச் சந்தா கட்டும் திட்டங்களுக்குள் கொண்டுவருவது. 2019இல் தொடங்கிய பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் அத்தகையது. மாதம் 15,000 ரூபாய்வரை சம்பாதிக்கும், 18 முதல் 40 வயதுக்குள் சேரும் தொழிலாளி கட்டும் அளவுக்கு அரசும் கட்டுகிறது. 60 வயதில் 3,000 ரூபாய் ஓய்வூதியம். அவருக்குப் பின் துணைக்கு அதில் பாதி. ஆனால் 60 வயதுக்கு முன்பே தொழிலாளி இறந்தால், துணை மீதிக் காலத்துக்குத் தாமே சந்தா கட்டித் தொடரலாம், அல்லது கட்டிய பணத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டு வெளியேறலாம். 45 வயதில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த கொத்தனாரின் மனைவிக்கு இதனால் மாதம் ஒரு ரூபாயும் வராது. ஒரு மாதச் சந்தாவுக்கே துணைக்கு ஓய்வூதியம் தரும் இ.பி.எஸ். விதியை இந்தத் திட்டத்திலும் சேர்த்தால் அவருக்கு ஏதேனும் கிடைக்கும். அதற்கு ஆகும் கூடுதல் செலவை, இளவயதில் இறப்போரின் விகிதத்தைக் கொண்டு காப்பீட்டுக் கணக்காளர்கள் கணக்கிட முடியும். சந்தாவில் எவ்வளவு கூட்டுவது, அரசு எவ்வளவு ஏற்பது என்பதை அந்தக் கணக்கின் மேல் முடிவு செய்யலாம். இவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல: அமைப்புசாராத் தொழிலாளிகளைப் பதிவு செய்ய 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் ஏற்கெனவே 30 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் தங்கள் பெயரைப் பதிந்திருக்கிறார்கள்.